நீல ஃபைலில் ஒன்றுமில்லை

அந்தப் பல்கலைக்கழகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் வரிசை அக்கா. வருடத்துக்கு ஒரு நாள், பாராட்டு விழா அன்று, மேடையின் இடப்பக்கப் படிக்கட்டருகே நின்றுகொண்டு, "வரிசை மாறாதீங்க, முன்னாடி யாரு பின்னாடி யாருன்னு பாத்து வச்சுக்குங்க" என்று அடிக்குரலில் சொல்லிக்கொண்டே இருப்பாள். பேராசிரியரானாலும் சரி, தோட்டக்காரரானாலும் சரி, பதக்கம் வாங்க வந்த மாணவியானாலும் சரி, அவள் கண்ணைக் காட்டினால்தான் கால் படியேறும்.

மீதி முந்நூற்றுச் சொச்சம் நாளும் அவள் பதிவாளர் அலுவலகத்தின் மூலையில், முதுகுக்குப் பின்னால் ஒரு இரும்பு அலமாரியோடு உட்கார்ந்திருப்பாள். விழாவுக்கு ஆண்டுதோறும் நாற்பது பேர் வரை தேர்வாவார்கள். ஆராய்ச்சியில் பெயர் வாங்கிய ஆசிரியர்கள், போட்டியில் ஜெயித்த மாணவர்கள், நீண்ட நாள் உழைத்த ஊழியர்கள். ஒவ்வொருவர் சான்றிதழிலும் எட்டு வரியில் ஒரு பாராட்டுரை இருக்கும். அதை எழுதுவது அவள் வேலை. ஆசிரியர்கள் தங்களைப் பற்றி எட்டுப் பக்கம் அனுப்புவார்கள். அதை எட்டு வரியாக நறுக்க வேண்டும். ஊழியர்களைப் பற்றித் துறைத்தலைவர் ஒரே ஒரு வரி அனுப்புவார்: 'நல்ல மனிதர், சொன்ன வேலையைச் செய்வார்.' அதை எட்டு வரியாக இழுக்க வேண்டும்.

"ஒரு கையில கத்தரிக்கோல், இன்னொரு கையில ஊசிநூல். இதுதான் என் உத்தியோகம்" என்பாள் வீட்டுக்காரரிடம்.

வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று முப்பது வருடம் எழுதிய கை. இப்போது வீட்டில் பால் பொங்குவது முதல் தபால்காரர் வருவது வரை மனக்கணக்காகக் குறித்துக்கொண்டிருப்பார்.

ஊழியர்களின் எட்டு வரிக்காக அவள் பட்ட பாடு யாருக்கும் தெரியாது. விடுதிக் காப்பாளருக்குப் போன் போடுவாள், நூலகத்துக்கு நடப்பாள், கேன்டீனில் விசாரிப்பாள். யாராவது ஒருவர் "ஆமா, அந்த வருஷம் அவர் ஒரு காரியம் செஞ்சார்" என்று ஆரம்பிக்கும்வரை விடமாட்டாள். ஆனால் அந்த வரிகள் மேடையில் வாசிக்கப்படுவதில்லை. ஆசிரியர்களுக்கு மட்டும் வாசிப்பார்கள். மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் நேரமில்லை என்று பெயரை மட்டும் கூப்பிடுவார்கள். ஊழியர்கள் வரிசையில் கடைசி. அவர்களைப் பற்றி எழுதியது என்னவென்று தெரிய வேண்டுமானால் சான்றிதழைப் பிரித்துப் பார்த்தால்தான் உண்டு.

அந்தச் சான்றிதழ் மேடையில் கிடைக்காது. அதற்கு ஒரு கதை இருந்தது, அது அவளுடைய கதை.

பதினேழு வருடத்துக்கு முன்னால், அவள் அந்த வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டு, விழா நடுவில் யாரோ ஒரு மாணவன் வரிசையிலிருந்து நழுவிப்போனான். மேடையில் அடுக்கியிருந்த ஃபைல்கள் அவனுக்குப் பிறகு ஒன்றொன்றாக இடம் மாறின. அந்த ஆண்டு ஏதோ காரணத்தால் வேதியியல் பேராசிரியர் ஒருவர் ஊழியர்களுக்குப் பிறகு மேடையேறினார். அவர் கைக்குப் போனது துப்புரவுப் பணியாளரின் சான்றிதழ். தேநீர் மேசையில் அதைப் பிரித்தவர், 'இருபத்தைந்து ஆண்டுகளாக மூன்றாம் மாடிக் கழிவறைகளைத் தூய்மையாக வைத்திருந்தமைக்காக' என்று உரக்கப் படித்துவிட்டு, கோப்பையை வைத்த வேகத்தில் தட்டு உடைந்தது. அவளிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். மூன்று வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் வாரம் ஒரு வழி கண்டுபிடித்தாள். மேடையில் எல்லோருக்கும் ஒரே மாதிரி நீல ஃபைல், உள்ளே ஒன்றுமில்லை. புகைப்படத்தில் அது தெரியாது. யார் யாருடையதை வாங்கினாலும் குடி முழுகாது. உண்மையான சான்றிதழை விழா முடிந்த மூன்று நாளுக்குள் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு மின்னஞ்சல். மின்னஞ்சல் இல்லாதவர்களுக்குத் துறைத்தலைவர் சொல்லிவிடுவார்.

அதன்பின் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. துணைவேந்தர்கள் வந்தார்கள், போனார்கள். நீல ஃபைல் நிலைத்துவிட்டது.

இந்த ஆண்டு அவள் பெயரே பட்டியலில் வந்தது. ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தது. தனக்குத் தானே எழுதிக்கொள்ள முடியாது என்பதால் பதிவாளரே எழுதிக் கொடுத்தார், அச்சகத்துக்கும் போய்விட்டது: 'பதினேழு ஆண்டுகளாகப் பாராட்டு விழாவை ஒரு பிழையும் இல்லாமல் நடத்தியமைக்காக.' வெளியூரில் வேலை பார்க்கும் மகன் மருமகளோடு வர விடுப்புப் போட்டுவிட்டான். வீட்டுக்காரர் புதுச் சட்டை வாங்கி, அதை இரண்டு முறை போட்டுப் பார்த்து, இரண்டு முறையும் கழற்றி மடித்து வைத்தார்.

விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். தையற்காரி என்பது கழுத்தில் தொங்கிய அளவு நாடாவிலேயே தெரிந்தது. கழற்ற மறந்து வந்திருந்தாள். கையில் ஒரு நீல ஃபைல், ஓரம் வெளுத்துப் போயிருந்தது.

"இது உங்க ஆபீஸ்ல குடுத்ததாங்க?"

"ஆமாம்மா. யாரோடது?"

"எங்கப்பாவோடது. பம்ப் ரூம்ல இருந்தாரு. எட்டு வருஷம் முன்னாடி மேடையில குடுத்தாங்கன்னு வீட்டுக்குக் கொண்டாந்தாரு. நாங்க எல்லாரும் சுத்தி உக்காந்து பிரிச்சோம். உள்ள ஒண்ணும் இல்ல."

வரிசை அக்கா பேனாவை மூடினாள்.

"எங்கண்ணன் வாய் சும்மா இருக்காது. 'ஹால்ல கீழ கிடந்ததைப் பொறுக்கிட்டு வந்துட்டியாப்பா'ன்னான். விளையாட்டாத்தான் சொன்னான். அது அப்படியே நின்னுபோச்சு. வீட்ல யாராவது பொய் சொன்னா, 'நீல ஃபைல் விடாத'ம்பாங்க. பிள்ளைங்ககூடச் சொல்லுது. அப்பா ஒரு வார்த்தை பதில் பேசுனதில்ல. இப்ப படுக்கையில இருக்காரு. நேத்து என்னைக் கூப்பிட்டு, 'நீயாவது போய்க் கேட்டுட்டு வா, என்னைக் கூப்பிட்டாங்களா இல்லையான்னு'ன்னாரு. அதான் வந்தேன். கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டோம்மா. நான்தான் படியில நின்னேன்" என்றாள் வரிசை அக்கா. நாளைக்குத் தானே வீட்டுக்கு வருவதாகச் சொல்லி, முகவரி வாங்கிக்கொண்டு அனுப்பினாள்.

அலமாரியின் அடித்தட்டில் ஒரு பெரிய பழுப்பு உறை இருந்தது. அதன்மேல் அவளுடைய கையெழுத்திலேயே 'வாங்க வராதவர்கள்' என்று எழுதியிருந்தது. ஒவ்வோர் ஆண்டும் மிஞ்சியதை அதில் போடுவாள். வந்தால் கொடுப்போம் என்று நினைத்து மூடிவிடுவாள். பதினேழு ஆண்டில் ஒரு தடவைகூட அதை மொத்தமாகக் கொட்டிப் பார்த்ததில்லை. இப்போது மேசைமேல் கொட்டினாள்.

முப்பத்து நான்கு சான்றிதழ்கள். இரண்டு, படிப்பை முடித்து ஊரைவிட்டுப் போன மாணவர்களுடையவை. ஆசிரியர்களுடையது ஒன்றுகூட இல்லை. மீதி முப்பத்திரண்டும் ஊழியர்களுடையவை. ஓட்டுநர்கள், சமையற்காரர்கள், காவலாளிகள், ஆய்வக உதவியாளர்கள். எல்லாம் அவள் போன் போட்டு, நடந்து, விசாரித்து எழுதிய எட்டெட்டு வரிகள். ஒவ்வொன்றையும் படிக்கப் படிக்க யார் என்ன சொன்னார்கள் என்பதுகூட நினைவுக்கு வந்தது. துறைத்தலைவர் சொல்லிவிடுவார் என்று இருந்துவிட்டாள். துறைத்தலைவருக்கு ஆயிரம் வேலை. முப்பத்திரண்டு வீட்டில் முப்பத்திரண்டு ஃபைல் பிரிக்கப்பட்டிருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

"டிப்போவுல ஒரு பஸ் வரலைன்னா 'வரவில்லை'ன்னு எழுதக்கூடாது. கிளம்பவே இல்லையா, வழியில நின்னுபோச்சான்னு கேட்டு எழுதணும். நீ கேக்காமலே எழுதிட்டே."

"குத்தாதீங்க."

"குத்தலை. உன் பஸ் எட்டு வருஷம் லேட். அதைத்தான் சொல்றேன்."

மறுநாள் காலை பதிவாளர் அறைக்குப் போனாள். பதிவாளர் கெட்டவர் இல்லை. யாராவது கதவைத் தட்டினாலே ஏதோ வந்துவிட்டது என்று நினைக்கிற ஆள். எல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பம்ப் ரூம்காரருக்கு நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்க. நல்ல காரியம். மத்ததை இப்ப கிளறாதீங்கம்மா. அடுத்த மாசம் மதிப்பீட்டுக் குழு வருது. ஊழியர் நலன்னு ஒரு தனிப் பகுதியே இருக்கு. நாமளே போய் மாட்டிக்கணுமா?"

"சார், அவங்க வீட்ல இருக்கறவங்க..."

"தெரியுதும்மா. பழைய காகிதத்தை அழிக்க விதி இருக்கு. பத்து வருஷத்துக்கு மேல ஆனதை முறைப்படி அழிச்சுடலாம். உங்க சான்றிதழ்ல என்ன எழுதியிருக்கேன்னு நெனச்சுப் பாருங்க. நாலு மாசத்துல நல்லபடியா வீட்டுக்குப் போகவேண்டியவங்க நீங்க."

அவர் அவளுக்காகத்தான் பயந்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சரி என்றும் சொல்லாமல், மாட்டேன் என்றும் சொல்லாமல் எழுந்து வந்தாள்.

பம்ப் ரூம்காரரின் வீடு ஒரு பஞ்சர் கடைக்கு மேல், இரண்டு அறை. உள்ளறையில் சன்னலோரமாகக் கட்டில். பெரிய உடம்பு வற்றிப்போய் எலும்புக்கூடு மட்டும் அகலமாக இருந்தது. சுவருக்குள் குழாயில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. அவர் கண்ணை மூடியபடியே, "மேல் டேங்க் நிரம்பிடுச்சு, மோட்டாரை நிறுத்தச் சொல்லு" என்றார். மகள் மாடிப்படிக்கு ஓடினாள்.

மகன் கதவோரம் சாய்ந்து நின்றிருந்தான். "அப்பா, ஆபீஸ்லேர்ந்து வந்திருக்காங்க. ஃபைலைத் திருப்பிக் கேக்கறாங்க போல" என்று சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

வரிசை அக்கா சான்றிதழை எடுத்து மகனிடம் நீட்டினாள். "நீங்களே படிங்க தம்பி. சத்தமா."

அவன் ஒரு மாதிரி அவளைப் பார்த்துவிட்டு, வாங்கிப் படித்தான். அந்தக் கோடையில் பெரிய பம்பின் தாங்கு உருளை உடைந்ததும், மாற்றுப் பாகம் வர நான்கு நாள் ஆகும் என்றதும், அவர் பழைய கிடங்கில் கிடந்த இரண்டு சின்ன மோட்டார்களைச் சேர்த்துக் கட்டி, அவை சூடாகிவிடாமல் மணிக்கொரு தரம் மாற்றி மாற்றி ஓட்டி, விடுதியில் அறுநூறு மாணவர்களுக்கு ஒரு வேளைகூடத் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்டதும் எட்டு வரியில் இருந்தன. ஐந்தாவது வரிக்குமேல் மகனின் குரல் இறங்கிக்கொண்டே போனது. படித்து முடித்தவன் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை. மீண்டும் முன்பக்கம் திருப்பினான்.

கிழவர் கண்ணைத் திறந்திருந்தார். "அந்த நாலு நாள் விஷயம் உங்களுக்கு யாரு சொன்னா?"

"விடுதிக் காப்பாளர்."

"அவரு பாத்தாரா?" என்றார். கொஞ்சம் கழித்து, "பாத்திருக்காரு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

"ஐயா, ஏன் ஒரு வார்த்தை வந்து கேக்கல? இங்கேதானே இருந்தேன்" என்றாள் அவள். கேட்கக்கூடாத கேள்வி என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"எப்படிம்மா கேக்கறது? பிரிச்சுப் பாத்தேன், வெறுமையா இருந்துது. பேரை மாத்திக் கூப்பிட்டுட்டாங்க போலிருக்கு, வேற யாருக்கோ உள்ளதுன்னு நெனச்சேன். கேட்டா, 'ஆமாய்யா, தப்பு நடந்துபோச்சு, ஃபைலைக் குடுத்துட்டுப் போ'ன்னு சொல்லிட்டா? கேக்காத வரைக்கும் பாதியாவது என்னோடதுன்னு இருந்துது." மூச்சு வாங்கியது. "கேன்டீன் மாஸ்டருக்கும் அப்படித்தான். அவருதும் வெறும் ஃபைலு. நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கிட்டதே இல்ல."

மகன் சான்றிதழைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போனான். மாடிப்படியில் அவன் நிற்பது தெரிந்தது, இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. கிழவர் அவனைக் கூப்பிடவில்லை. "அன்னிக்கே கிடைச்சிருந்தா இவங்கம்மா கேட்டிருப்பா" என்றார், கூரையைப் பார்த்து. அந்த அம்மா போய் ஐந்து வருடம் ஆகிறது என்று மகள் மெல்லச் சொன்னாள். வரிசை அக்கா கொண்டுவந்த மன்னிப்பு அவள் வாயிலேயே தங்கிவிட்டது. தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தாள்.

அன்று மதியமே அலுவலகத்துக்குத் திரும்பி, பழுப்பு உறையின் மேலிருந்த 'வாங்க வராதவர்கள்' என்பதை அடித்துவிட்டு, 'நான் கொண்டுபோய்க் கொடுக்காதவை' என்று எழுதினாள். உறையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பதிவாளரிடம் போனாள்.

"சார், இதை அழிக்க மாட்டேன். ஒவ்வொரு வீடாப் போகப்போறேன். இன்னொண்ணு, இந்த வருஷம் சான்றிதழை ஃபைலுக்குள்ள வச்சுத்தான் குடுக்கப்போறோம்."

"வரிசை மாறினா?"

"மாறினா என் தலைதான் சார். முன்னாடியே எழுதிக் குடுத்துடறேன்."

அவர் நெடுநேரம் மின்விசிறியைப் பார்த்தார். "நான் இதைக் கேக்கலை" என்றார் கடைசியில். "நீங்க சொல்லவும் இல்ல."

விழாவுக்குள் இன்னும் ஆறு வீடு போனாள். இரண்டில் ஆள் இல்லை, படம்தான் இருந்தது. ஒரு வீட்டில் மருமகள் வாசலிலேயே வாங்கிக்கொண்டு, "வச்சிட்டுப் போங்க" என்றாள். கேன்டீன் மாஸ்டர் மட்டும் படித்துவிட்டு, "என்னைப் பத்தி இவ்ளோ தெரியுமா உங்களுக்கு" என்று கேட்டு, பிறகு அவளைத் திட்டினார். நன்றாகவே திட்டினார். அவளுக்கு அது ஒன்றுதான் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

விழா அன்று ஃபைல்களைத் தானே அடுக்கினாள். மூன்று தரம் சரிபார்த்தாள். ஆனால் ஒன்றை யோசிக்கவில்லை: அவளே வாங்குகிறவர்களில் ஒருத்தி. ஊழியர்கள் வரிசை நகரும்போது அவள் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். படிக்கட்டருகே நின்று, "வரிசை மாறாதீங்க" என்று சொல்ல ஆள் இல்லை.

ஆசிரியர்கள் முடிந்தார்கள், மாணவர்கள் முடிந்தார்கள். ஊழியர்கள் நான்கு பேர் நின்றார்கள்: ஓட்டுநர், தோட்டக்காரர், விடுதிச் சமையற்காரர், அவள். ஓட்டுநரின் பெயரைக் கூப்பிடப் போகும் நேரம். காவலாளி ஒருவர் குனிந்தபடி வந்து, சிறப்பு விருந்தினரின் காருக்குக் குறுக்கே பல்கலைக்கழக வேன் நிற்கிறது, சாவி உங்களிடம்தான் என்று ஓட்டுநரின் காதில் ஓதினார். ஓட்டுநர் அனிச்சையாக வரிசையை விட்டு ஓடினார். முப்பது வருடப் பழக்கம். கூப்பிட்டால் போய்விடும் கால்.

பெயரைக் கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். தோட்டக்காரர் ஏறினார், மேலே இருந்த ஃபைலை, ஓட்டுநருடையதை, வாங்கினார். அவள் கத்தலாம். மேடையில் விளக்கு, முன்வரிசையில் மகன், மருமகள், புதுச் சட்டை. வாய் திறக்கவில்லை. சமையற்காரர் தோட்டக்காரருடையதை வாங்கினார். அவள் சமையற்காரருடையதை வாங்கினாள். துணைவேந்தர் அவள் கையைக் குலுக்கி, "ஒரு பிழையும் இல்லாம" என்று புன்னகைத்தார். அப்போது ஓட்டுநர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மீதியிருந்த ஒரே ஃபைலை அவரிடம் நீட்டினார்கள்.

இறங்கும் படிகளின் கீழே நான்கு பேரும் நின்றார்கள். "பிரிங்க. எல்லாம் மாறிப்போச்சு" என்றாள் அவள்.

பிரித்தார்கள். தோட்டக்காரர், "நான் எப்பய்யா பஸ் ஓட்டினேன்?" என்றார். சமையற்காரர் கையிலிருந்ததை நீட்டி, "இந்தாரு, உன் ரோஜாச் செடியெல்லாம் என்கிட்ட இருக்கு" என்றார். மூன்று பேரும் சிரித்துக்கொண்டே கைமாற்றிக்கொண்டார்கள். ஒரு தட்டும் உடையவில்லை. பதினேழு வருடமாக எதற்குப் பயந்தாளோ அது அரை நிமிடத்தில் நடந்து முடிந்திருந்தது.

ஓட்டுநர் மட்டும் தன் கையிலிருந்ததை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். "'பதினேழு ஆண்டுகளாக... ஒரு பிழையும் இல்லாமல்...' இது யாரோடதுங்க?"

"என்னோடதுதான்" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், சிரிக்கலாமா என்று மற்றவர்களைப் பார்த்தார். சிரித்துவிட்டார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதற்குள் அவள் கைப்பையைத் திறந்து, தன் சான்றிதழைப் பழுப்பு உறைக்குள், மீதி இருபத்தேழுக்கும் அடியில் செருகினாள். அவற்றில் ஒன்பதுக்கு முகவரியே இல்லை.

"உன்னோடதை ஏன் அதுல போடறே?" என்றார் அவர்.

"கடைசியா வாங்கிக்கறேன்."

அவர் பழக்கதோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.